தோட்டத்து வீட்டில் மைஃப்ரீவியூ பொருத்துவது எப்படி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு வேண்டியது இரண்டுதான்: டிவி2-இல் தமிழ்ச் செய்தி, அப்புறம் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி. 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி, மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறியபோது வீட்டுத் தொலைக்காட்சி ஒரேயடியாக ஊமையாகிவிட்டது. அன்றிலிருந்து அம்மா வீட்டிலும் அக்கம்பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளிலும் நானே பொருத்திக் கொடுத்துப் பழகியதைச் சொல்கிறேன்.

முதலில், டிஜிட்டல் சிக்னலைப் படமாக மாற்றித் தரும் டிகோடர் பெட்டி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். தொலைக்காட்சி ஓரளவு புதியது என்றால் அதற்குள்ளேயே இந்த டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 வசதி இருக்கலாம். மெனுவில் பாருங்கள். இல்லையென்றால் மட்டும் டிகோடர். மாதக் கட்டணம் எதுவும் கிடையாது.

காசு போட வேண்டிய இடம் ஏரியல். அந்தக் காலத்தில் டிவி1, டிவி2 இரண்டும் பெரும்பாலும் விஎச்எஃப் என்ற குறைந்த அலைவரிசையில் வந்தன. அதனால்தான் கூரைமேல் நிற்கும் பழைய ஏரியல்களில் நீள நீளமான கம்பிகள். டிஜிட்டல் வருவது யுஎச்எஃப் என்ற கூடுதல் அலைவரிசையில். அதற்குக் குட்டைக் கம்பிகள் வரிசையாக இருக்கும் ஏரியல் வேண்டும். அதன் குட்டை முனை ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். எங்களுக்கு வாசலில் நின்றாலே ஜெராய் மலை தெரியும், கோபுரம் அங்கேதான். ஈப்போ பக்கம் கிளேடாங் மலை, கிள்ளான் பள்ளத்தாக்கில் உலு காலி மலை. தெரியாத ஊர் என்றால், படம் நன்றாக வரும் பக்கத்து வீட்டு ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள்.

திருப்பும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கீழே ஒருவர் மெனுவில் சிக்னல் குவாலிட்டி (தரம்) எண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். ஸ்ட்ரெங்த் (வலிமை) எண்ணை நம்பாதீர்கள், அது கூடுதலாக இருந்தும் படம் கட்டம் கட்டமாக உடையும். ஒரு விரல்கடை திருப்பிவிட்டு இரண்டு மூன்று விநாடி பொறுங்கள், எண் மெதுவாகத்தான் மாறும். அனலாக்கில் புள்ளி புள்ளியாகவாவது முகம் தெரிந்தது. டிஜிட்டலில் வந்தால் தெளிவாக வரும், இல்லாவிட்டால் உடைந்துபோகும், அல்லது ஒன்றுமே வராது. அதனால் இங்கே அவசரப்படக் கூடாது.

கேபிளில்தான் நான் ஒரு மதியம் முழுவதையும் தொலைத்தேன். ஏரியல் சரி, திசையும் சரி, ஆனால் குவாலிட்டி பூஜ்யம். கடைசியில் கேபிள் முனையில் இருக்கும் தலைப்பைக் (கனெக்டரை) கழற்றிப் பார்த்தால், வெளிப்பின்னலில் இருந்து தலைமுடி போல ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நகத்தால் விலக்கினேன். "வந்திருச்சுப்பா!" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். தோலை உரித்ததும் பின்னலை முழுவதும் பின்பக்கம் மடித்துவிட்டு, நடுக்கம்பி சுத்தமாகத் தனியே நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

கோபுரம் பக்கத்தில் இருந்தால் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வேண்டாம், சிக்னல் அளவுக்கு மீறிப் போனாலும் படம் கெடும். மலைக்குப் பின்னால் மறைந்த வீடு என்றால் கம்பத்தை உயர்த்திப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் செயற்கைக்கோள் தட்டுதான் வழி.

மற்றது சுலபம். ஆட்டோ ஸ்கேன் கொடுத்தால் டிவி1 101-இலும் டிவி2 102-இலும் வந்து உட்காரும். அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் வானொலிகளும் அதிலேயே கிடைக்கும். மின்னலை ஃபேவரிட்டில் சேர்த்துவிடுங்கள், பெரியவர்கள் எண்ணைத் தேடித் தடுமாற வேண்டியதில்லை. அம்மாவுக்கு எண்களைக் கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, ஏரியல் கேபிளையும் பிடுங்க வேண்டும். அதனால் தொலைக்காட்சிப் பக்கம் கையால் இழுத்தாலே கழன்றுவிடும் தலைப்பாகப் போடுங்கள். அம்மா வீட்டில் அதில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததுமே அம்மா போய் அதைப் பிடுங்கிவிடுகிறார்.