திருமணமாகாத இணையர் பிரியும்போது, இருவர் பெயரிலுள்ள வீட்டை என்ன செய்வது?

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட் வாங்கிவிட்டுப் பிரிந்தால், அந்த வீடு குடும்ப நீதிமன்றத்துக்குப் போகாது. ஜீவனாம்சம், இந்து திருமணச் சட்டம் என்று பேசியும் பயனில்லை. சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு சொத்தின் கூட்டு உரிமையாளர்கள், அவ்வளவுதான். அதனால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று காட்டும் காகிதம்தான் பேசும். கீழே உள்ளது தமிழ்நாட்டு நடைமுறை.

முதலில் கிரயப் பத்திரத்தை எடுத்து, பங்கு விகிதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதுதான் அடிப்படை. பெரும்பாலான பத்திரங்களில் இருக்காது. அப்போது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 45 வரும்: தனித்தனிப் பணத்தில் வாங்கியிருந்தால் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு; யார் எவ்வளவு என்று நிரூபிக்க முடியாவிட்டால் சரிபாதி. ஆகவே பில்டருக்குப் போன ஒவ்வொரு தொகைக்கும் வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்து வையுங்கள். அப்பா கொடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம் எல்லாம் யார் கணக்கு வழியாகப் போனது என்பது முக்கியம்.

கணக்கு

பலர் தவறுவது இங்கேதான். வீடு 60 லட்சத்துக்கு வாங்கியது. முன்பணம் 15 லட்சத்தில் ஒருவர் 12, மற்றவர் 3 போட்டார். மீதி 45 லட்சம் ஜாயின்ட் லோன், ஆளுக்கு 22.5 லட்சம். எனவே ஒருவர் போட்டது 34.5, மற்றவர் 25.5. பங்கு 57.5 சதவீதம், 42.5 சதவீதம்.

இன்றைய விலை 80 லட்சம், கடன் பாக்கி 32 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடனைக் கழித்து மிஞ்சும் 48 லட்சத்தை அப்படியே 57.5-க்கு 42.5 என்று பிரிப்பார்கள். அது தப்பு. கடனைச் சமமாக ஏற்றதை வைத்துத்தான் பங்கே கணக்கிட்டோம். பாக்கியையும் சமமாகத்தான் கழிக்க வேண்டும். முழு விலையில் பங்கு 46 லட்சம், 34 லட்சம். ஆளுக்கு 16 லட்சம் கடன் போனால் 30 லட்சம், 18 லட்சம். தப்பான கணக்கில் இரண்டாமவருக்கு 20.4 லட்சம் போயிருக்கும், 2.4 லட்சம் அதிகம்.

இ.எம்.ஐ.யை ஒருவரே அதிகம் கட்டியிருந்தால் அதைப் பங்கு விகிதத்தில் கலக்காதீர்கள். அதிகமாகக் கட்டியதில் மற்றவர் தர வேண்டிய தொகையைத் தனி வரியாகக் கடைசியில் சேருங்கள்.

யாராவது வைத்துக்கொள்ள முடியுமா?

ஆசைப்படுவது வேறு, வங்கி ஒப்புக்கொள்வது வேறு. மேலே சொன்ன உதாரணத்தில் முதலாமவர் வீட்டை வைத்துக்கொண்டால், அவர் 32 லட்சம் கடனைத் தன் தலையில் ஏற்று, 18 லட்சம் கையில் தர வேண்டும். கையில் பணம் இல்லை என்றால் 50 லட்சம் கடன். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 43,400 ரூபாய். அவருடைய ஒற்றைச் சம்பளத்துக்கு வங்கி இதைத் தராது என்றால் வீட்டை வெளியாருக்கு விற்பதுதான் வழி. இதை முதல் வாரத்திலேயே வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் சண்டை போட்ட பிறகு வேண்டாம்.

வெளியேறுபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்திரத்திலிருந்து பெயர் போனாலும் கடனிலிருந்து போகாது. வங்கி எழுத்தில் விடுவிக்கும் வரை முழுக் கடனுக்கும் நீங்களும் பொறுப்பு. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோரும் விழும். எனவே வங்கியின் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் விடுதலைப் பத்திரத்தில் (உங்கள் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துப் போடாதீர்கள். புதிய கடன், பழைய கடன் அடைப்பு, பணம் கைமாறுவது, பதிவு ஆகிய நான்கும் ஒரே நாளில் முடியும்படி பழைய கடன் கொடுத்த வங்கி, புதிய கடன் தரும் வங்கி இரண்டோடும் பேசி ஏற்பாடு செய்யுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது.

பத்திரமும் வரியும்

குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. குடும்பம் அல்லாத கூட்டு உரிமையாளர் என்பதால் விடும் பங்கின் மதிப்பில் 7 சதவீதம்; 34 லட்சத்துக்கு 2.38 லட்சம். பதிவுக் கட்டணம் தனி. இதை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பத்திரத்தில் எழுதும் தொகை 18 லட்சம் அல்ல, 34 லட்சம்: 18 வெளியேறுபவருக்குத் தரும் பணம், 16 ஏற்றுக்கொண்ட கடன். 18 என்று மட்டும் எழுதினால், வழிகாட்டி மதிப்புக்கும் (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) அதற்கும் உள்ள வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாக வரி போடப்படும். கணவன் மனைவி என்றால் உறவினர் விலக்கு உண்டு. உங்களுக்கு அது கிடையாது. ‘பணமே வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன்’ என்று தாராளமாக விட்டுக்கொடுப்பவர்கள், எதிர்த் தரப்புக்கு வரிச் சுமையைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

வெளியேறுபவருக்கு மூலதன ஆதாய வரி. 25.5 லட்சம் போட்டது 34 ஆனதில் ஆதாயம் 8.5 லட்சம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், செஸ் தனி. வாங்கும்போது கட்டிய முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவில் தன் பங்கைச் செலவாகச் சேர்த்தால் ஆதாயம் குறையும். பணம் முழுவதும் வங்கி வழியாகவே போகட்டும். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

ஒத்துவராவிட்டால்

சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. ஃபிளாட்டை இரண்டாக வெட்ட முடியாது என்பதால் 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர் கேட்டால் நீதிமன்றம் விற்க உத்தரவிடலாம். மற்றவர் நீதிமன்றம் மதிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கில் 42.5 சதவீதக்காரருக்கு விற்பனை கேட்கும் உரிமை இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டை விட்டுப் போனாலும் ஒரு சாவியைக் கையில் வைத்திருங்கள். வீட்டின் கூட்டு அனுபவத்தில், அதாவது மற்றவரோடு சேர்ந்து சொத்தைத் தன் வசம் வைத்து, இருப்பவருக்கு நீதிமன்றக் கட்டணம் சிறு தொகை. வெளியேற்றப்பட்டவர் பங்கின் சந்தை மதிப்புப்படி கட்ட வேண்டும்.

பூட்டை மாற்றிப் பெண்ணை வெளியே நிறுத்துவது வேறு ஆபத்து. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் பொருந்தும். பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் அவர் மாஜிஸ்திரேட்டிடம் குடியிருப்பு உத்தரவு கேட்கலாம்.

முழுப் பணமும் நான் கொடுத்தேன், அவர் பெயரில் மட்டும் பதிந்தேன், உண்மையில் அது என் வீடு என்று வாதிட எண்ணுபவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த வாதமே பினாமி சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். மனைவி, பிள்ளைகளுக்கு உள்ள விலக்கு துணைவருக்கு இல்லை.

இழுத்தடிக்காதீர்கள். இடையில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்கு வராது, வாரிசுகளுக்குப் போகும். அப்புறம் பேச வேண்டியது அவருடைய பெற்றோரிடம்.

ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவரை எதிர்த் தரப்புக்கே எழுதிக் கொடுக்காமல் நம்பிக்கையான மூன்றாமவருக்குக் கொடுங்கள்.

கடன் அடைந்ததும் அடமானப் பதிவை ரத்து செய்யும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப்பத்திரங்களை வங்கி 30 நாளில் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர், அசோசியேஷன் பதிவேடு ஆகியவற்றில் பெயர் மாற்றம்.