மேலது போடுவதற்கு முன்

பல்கலைக்கழகத்துக்கு எதிரே டிடிபி கடை வைத்திருக்கிறேன். வருகிற ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் தமிழ்த்துறையுடையவை. இயல்களில் நான் கை வைப்பதில்லை, அது நெறியாளர் பாடு. அடிக்குறிப்பும் துணைநூற் பட்டியலும் என் பாடு. அவற்றை எப்படிப் போட்டால் வாய்மொழித் தேர்வில் சங்கடம் வராது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை நூலகத்திலேயே தொடங்குகிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் முகப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர், பதிப்பாசிரியர், எத்தனையாவது பதிப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு எல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கும். மேலட்டையை மட்டும் எடுத்தால் போதாது. பதிப்பு விவரம் பெரும்பாலும் அதில் இருக்காது.

'புறநானூறு, ப. 345' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எந்தப் புறநானூறு? உ.வே.சா. 1894இல் பதிப்பித்ததா, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்ட ஔவை துரைசாமிப் பிள்ளை உரையா, எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பித்து 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சமாஜப் பதிப்பா? மூன்றிலும் பக்கம் வேறு. சமாஜப் பதிப்பில் சங்கப் பாடல்கள் எல்லாமே புலவர் வாரியாக அடுக்கியிருக்கும். அதில் வரிசையாகப் பக்கம் புரட்டினால் 191க்கு அடுத்து 192 வராது. ஆகவே பாடலைச் சுட்டப் பாடல் எண்ணும் அடி எண்ணும் கொடுங்கள். 'யாதும் ஊரே' தொடங்கி இரண்டு அடி எடுத்தாண்டால் புறம். 192: 1-2. அவ்வளவுதான். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பது துணைநூற் பட்டியலில் ஒருமுறை வந்தால் போதும்.

உரை விஷயம் அப்படியில்லை. பாடலுக்குப் பொருள் எழுதி, கீழே பாடல் எண்ணை மட்டும் போட்டால் அந்தப் பொருள் யாருடையது என்றே தெரியாது. புறநானூற்றுக்கு உள்ள பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. 300ஆம் பாட்டுக்குப் 'பழைய உரைகாரர் கூற்றுப்படி' என்று எழுதினால் தேர்வாளர் பேனாவை எடுத்துவிடுவார். உரையாசிரியர் பெயர், பதிப்பு, பக்கம் மூன்றும் அடிக்குறிப்பில் வரவேண்டும். தொல்காப்பியத்துக்கும் இதே கதை. உரையாசிரியர் இளம்பூரணர் ஒன்றாகக் கொண்ட நூற்பாவை இன்னோர் உரையாசிரியர் இரண்டாகப் பிரித்திருப்பார், எண் நகர்ந்துவிடும். 'தொல். பொருள். இளம்.' (தொல்காப்பியம், பொருளதிகாரம், இளம்பூரணர் உரை) என்று உரைகாரரையும் சேர்த்தே எழுதுங்கள். குறளில்கூட இது உண்டு. நாம் எல்லாரும் சொல்லும் குறள் எண் பரிமேலழகர் வரிசை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்கள் வேறு வரிசையில் நிற்கும்.

அடுத்து, கைக்கு வராத நூல். ஒரு மாணவி பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையை மேற்கோள் காட்டியிருந்தாள், பக்க எண்ணோடு. புத்தகம் எங்கே என்றால் பார்த்ததே இல்லை என்றாள். வேறொருவர் ஆய்வு நூலில் இருந்த அடிக்குறிப்பை அப்படியே பெயர்த்திருக்கிறாள், அவர் விட்ட எழுத்துப்பிழை உட்பட. 'அக்கா, எல்லாரும் இப்படித்தானே போடுறாங்க' என்றாள். போடலாம், ஆனால் கையில் இருந்த புத்தகத்தைச் சொல்லிப் போட வேண்டும். 'நச்சினார்க்கினியர், மேற்கோள்: இன்னார், இன்ன நூல், இன்ன பக்கம்' என்று எழுதினால் நேர்மையாகவும் இருக்கும், பிழை யாருடையது என்றும் தெரியும். மூலநூலைத் தேடிப் பார்ப்பது இன்னும் நல்லது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் நிறைய ஸ்கேன் ஆகிக் கிடக்கின்றன. ஸ்கேனைப் படித்தால் அச்சுநூலின் விவரத்தையே எழுதி, எங்கே பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள். மதுரைத் திட்டம் போல மறுதட்டச்சு செய்த பாடம் என்றால் தளத்தின் பெயரும் பார்த்த நாளும் வேண்டும், அச்சுநூலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடவும் வேண்டும்.

இப்போது மேலது. முந்தைய குறிப்பில் வந்த அதே நூல் என்றால் 'மேலது, ப. 60' போடுகிறோம். சுருக்கம்தான், ஆபத்தும் அதில்தான். நெறியாளர் நடுவில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்வார், புதுப் பத்தியோடு புது அடிக்குறிப்பும் வரும், அதற்குக் கீழே இருந்த மேலது சத்தமில்லாமல் வேறு நூலுக்குப் போய்விடும். கணினி எண்ணைத்தான் மாற்றும், மேலது யாரைச் சுட்டுகிறது என்று அதற்குத் தெரியாது. கடைசித் திருத்தம் முடியும்வரை ஒவ்வொரு குறிப்பிலும் ஆசிரியர் பெயரும் நூல் பெயரும் இருக்கட்டும். நெறியாளர் சரி சொன்ன பிறகு மேலதுவாக மாற்றலாம்.

பெயரில் மென்பொருளை நம்பாதீர்கள். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, துரைசாமிப் பிள்ளையைப் 'பிள்ளை, துரைசாமி' என்று திருப்பிவிடும். பகரத்தில் ஒரே பிள்ளைகள் கூட்டமாக நிற்கும். முதலெழுத்தைப் பின்னால் தள்ளுங்கள், பெயரை உடைக்காதீர்கள்: துரைசாமிப் பிள்ளை, ஔவை சு.; வையாபுரிப்பிள்ளை, எஸ். (பதி.). 'பதி.' என்றால் பதிப்பாசிரியர்.

ஆண்டு இடத்தில் 2000 என்று போட்டிருக்கும் பழைய நூல் கிடைத்தால் குழம்பவேண்டாம், திருவள்ளுவர் ஆண்டாக இருக்கலாம். 31 கழித்தால் 1969. 'ஜய வருஷம்' என்று மட்டும் இருந்தால், அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், அது 1894ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். முன்னுரையைப் படித்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

நாட்டுப்புறப் பாடல் திரட்டியவர்கள் தகவலாளர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள் நான்கையும் பின்னிணைப்பில் கொடுங்கள். பெயர் போட அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துத் திருட்டு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளில், பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அதைக் காட்டிச் சிலர் அந்த அளவுக்குள் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படி அர்த்தமில்லை. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, பிறகு எதற்கு ஒளிக்க வேண்டும்?

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒருவர் அடிக்குறிப்பை வாசிக்க, இன்னொருவர் துணைநூற் பட்டியலில் டிக் அடிக்கட்டும். டிக் விழாத நூலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத நூல் அடிக்குறிப்பில் வந்தால் உங்கள் போனில் அந்த முகப்புப் படத்தைத் தேடுங்கள்.