இரண்டு மருந்து சேர்ந்தால் சினர்ஜியா? லாக் எடுத்துவிட்டுச் சோதியுங்கள்

செல் பிளேட்டில் (செல் வளர்க்கும், பல கிணறுகள் கொண்ட தட்டு) மருந்துச் சேர்க்கை பார்ப்பவர்களுக்காக இது. முதல் மருந்து தனியாக 40% செல்களைக் கொல்கிறது, இரண்டாவது 30%. சேர்த்துக் கொடுத்தால் 65%. இது சினர்ஜியா, அதாவது தனித்தனி விளைவுகளிலிருந்து எதிர்பார்ப்பதைவிட அதிகமா?

40-ஐயும் 30-ஐயும் கூட்டி 70-ஐ எதிர்பார்த்தால், 65 குறைவு. ஒன்றையொன்று கெடுப்பதாக எழுதிவிடுவீர்கள். ஆனால் முதல் மருந்துக்குத் தப்பிய 60%-இல்தான் இரண்டாவது வேலை செய்ய முடியும். 0.6 × 0.7 = 0.42 பிழைக்கும், 58% சாகும். 1939-இல் பிளிஸ் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கு இதுதான். இதன்படி 65 அதிகம்!

ஆகவே சதவீதத்தை அப்படியே டூ-வே அனோவாவில் (இரண்டு காரணிகளின் விளைவைச் சேர்த்து அலசும் புள்ளியியல் சோதனை) போடாதீர்கள். பிழைத்த விகிதத்துக்கு லாக் எடுங்கள், பெருக்கல் கூட்டலாகிவிடும். அதன்பின் இன்டராக்‌ஷன் உறுப்புதான் (வெறும் கூட்டலிலிருந்து விளைவு எவ்வளவு விலகுகிறது என்பது) நேரடியாக பிளிஸ் சோதனை. பி-மதிப்போடு (விலகலே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை அளவு இருக்கக்கூடிய வரம்பு) கட்டாயம் எழுதுங்கள்.

ஒரே பிளேட்டின் மூன்று கிணறுகளை n = 3 (மூன்று தனிச் சோதனைகள்) என்று எண்ணுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தனித்தனி நாளில் செய்த சோதனைகள்தான் n.

இன்னொன்று. ஒரு மருந்து 1 மைக்ரோமோலாரில் 10%, 2-இல் 50% கொல்கிறது என்று வையுங்கள். அந்த 1 மைக்ரோமோலாரோடு அதே மருந்தின் இன்னொரு 1 மைக்ரோமோலாரைச் சேர்த்தால் பிளிஸ் எதிர்பார்ப்பது 19%தான், கிடைப்பதோ 50%. தன்னோடு தானே சினர்ஜி! டோஸ் கூடக் கூட விளைவு ஏறும் வளைவு இப்படிச் செங்குத்தாக இருந்து, இரண்டு மருந்தும் ஒரே இலக்கைத் தாக்கினால், லோவே முறைக்கு (ஒரு மருந்தின் டோஸை மற்றதன் டோஸுக்கு ஈடாக வைத்துக் கணக்கிடுவது) போங்கள். எந்த முறை என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவுசெய்து நோட்டில் எழுதிவிடுங்கள்.