சைவத்துக்கு மாறுகிறீர்களா? முதலில் நாக்கைச் சமாதானப்படுத்துங்கள்

சைவத்துக்கு மாறியவர்கள் பாதியில் திரும்பிப் போவதற்குச் சத்துக் குறைபாட்டைவிட, சாப்பாடு சப்பென்று இருந்ததுதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. நானும் முதல் இரண்டு மாதம் அந்தத் தப்பைத்தான் செய்தேன். தட்டிலிருந்து கறியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சோறும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டேன். அப்போதைக்கு வயிறு நிறையும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், ராத்திரியானால் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போகும்.

அதனால் "இன்றைக்கு என்ன காய்?" என்று யோசிக்காமல் "இன்றைக்கு என்ன பயறு?" என்று தொடங்குங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா, பச்சைப்பயறு, ஏதாவது ஒரு பருப்பு, இல்லாவிட்டால் டோஃபு, பனீர், சோயா. அதை முடிவு செய்த பிறகு காயும் தானியமும் தானாக வந்து சேரும். புரதக் கணக்கு ரொம்ப எளிது: உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது 60 கிலோ இருப்பவருக்கு நாளைக்கு 48 கிராம். ஆனால் இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாக்கெட்டில் 100 கிராம் பருப்புக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருப்பது வேகாத பருப்புக்கு. வெந்தபின் அது தண்ணீர் குடித்துப் பெருத்துவிடும், அப்போது 100 கிராமில் 9 கிராம்தான் மிஞ்சும். ஒரு சின்னக் கரண்டி பருப்பை ஊற்றிக்கொண்டு புரதம் சாப்பிட்டாயிற்று என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் தானியத்தில் குறையும் லைசின் பயறில் இருக்கிறது, பயறில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும் என்பது பழைய பயம், ஒரு நாளுக்குள் இரண்டும் வயிற்றுக்குள் போனால் போதும்.

சரி, ருசிக்கு வருவோம். கறி சாப்பிட்டுப் பழகிய நாக்கு தேடுவது பெரும்பாலும் கறியை அல்ல, அதிலிருந்த ஆழமான உவர்ப்பு கலந்த சுவையையும் வறுபட்ட வாசனையையும்தான். 1908இல் இக்கேடா கிக்குனாயே என்ற ஜப்பானிய வேதியியலாளர் இந்தச் சுவையைக் கடற்பாசிக் குழம்பிலிருந்துதான் பிரித்தெடுத்து, அதற்கு உமாமி என்று பெயர் வைத்தார். காரணம் குளுட்டமேட். அது தக்காளியில் இருக்கிறது, சோயா சாஸில் இருக்கிறது, நாள்பட்ட சீஸில் இருக்கிறது. உலர்ந்த ஷிட்டாகே காளானில் குவானிலேட் என்று இன்னொரு பொருள் உண்டு, இது குளுட்டமேட்டோடு சேரும்போது சுவை ஒன்றும் ஒன்றும் இரண்டாக நிற்காது, பல மடங்கு ஏறும். தக்காளியை எண்ணெயில் நிறம் மாறும்வரை நன்றாகச் சுண்ட வதக்கி, அதில் ஊறவைத்த உலர்காளானையும் அந்த ஊறிய தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீரைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள், பாதி ருசி அதில்தான் இருக்கிறது.

வறுபட்ட வாசனைக்குச் சூடு வேண்டும், சுமார் 140 டிகிரிக்கு மேல். தண்ணீர் இருக்கும்வரை வாணலி 100 டிகிரியைத் தாண்டாது. புதுக் காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், ஆகவே ஒரு கூடைக் காளானையும் ஒரேயடியாகக் கொட்டினால் அது வறுபடாது, தன் தண்ணீரிலேயே வெந்து வழவழவென்று ஆகிவிடும். "எனக்குக் காளானே பிடிக்காது" என்பவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டிருப்பது இதைத்தான். அகலமான பாத்திரத்தில் இடைவெளி விட்டுப் பரப்புங்கள், காளானிலிருந்து வெளிவரும் தண்ணீர் வற்றும்வரை காத்திருங்கள், அப்புறம் எண்ணெய், கடைசியில் உப்பு. கூடுதல் நேரம் ஆனாலும் பயமில்லை, காளான் காய்போலக் குழையாது. டோஃபுவை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, பனி விட்டதும் பிழிந்துவிட்டுச் சமைத்தால் ஸ்பாஞ்ச் மாதிரி மசாலாவை இழுத்துக்கொள்ளும், கடிக்கவும் நன்றாக இருக்கும்.

பயறு வேகவில்லை என்ற புகாருக்கு முக்கால்வாசிக் காரணம் புளிப்பை முன்னாலேயே சேர்ப்பது. தக்காளி, புளி, எலுமிச்சை எல்லாம் பயறு வெந்த பிறகுதான். வயிறு உப்புவது அதிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளால், அவற்றைக் குடலில் இருக்கும் பாக்டீரியாதான் செரிக்கிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள், முதல் வாரமே கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடாமல் மெல்லக் கூட்டுங்கள். ராஜ்மாவில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுக்கவைத்துவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரமாவது கொதிக்கவேண்டும். மெதுவாக வேகவைக்கும் எலெக்ட்ரிக் குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள், அந்தச் சூடு போதாது.

சத்து விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில்தான்: வைட்டமின் பி12. செடிகொடிகள் எதிலிருந்தும் இதை நம்பிப் பெற முடியாது. பெரியவர்களுக்கு நாளைக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் வேண்டும். பால், முட்டை சாப்பிடுபவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும், அதையும் விட்டவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதில் பெரும்பாலும் இருப்பது நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில வருடங்கள் ஆகலாம், இதுதான் வம்பு. "மூன்று வருஷமாச்சு, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது ஆதாரமே இல்லை. இன்னொன்று, கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும், அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புப் பாதிப்போ உள்ளுக்குள் தொடரும். கை கால் மரத்துப்போனால் சாக்குச் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

இரும்புச்சத்து கீரையிலும் பயறிலும் உண்டு, உடம்பு அதை எடுத்துக்கொள்வதுதான் குறைவு. கூடவே எலுமிச்சை, கொய்யா, குடைமிளகாய் என்று வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சுவது கூடும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் குறையும், ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள் (எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது). ஒமேகா 3க்கு ஆளிவிதைப் பொடியோ வால்நட்டோ, உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஜெலட்டின் என்பது விலங்கின் தோலும் எலும்பும், சில சீஸ்களில் பாலைத் திரியவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் இருக்கும், இ120 என்ற சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து வருவது, வொர்செஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி இருக்கும். இதில் எது வரைக்கும் போவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் தெரிந்து முடிவு செய்யுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் அசைவம் என்றால் இரண்டு சமையல் செய்து நொந்துபோகாதீர்கள். அடிப்படைக் குழம்பையோ சாஸையோ சைவமாகச் செய்து, வேண்டியவர்கள் கறியைத் தனியாகச் சமைத்துச் சேர்த்துக்கொள்ளட்டும். விருந்துக்குக் கூப்பிட்டால் அன்றைக்கே போய் நிற்காமல் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எதைச் சாப்பிட மாட்டேன் என்பதோடு எதைச் சாப்பிடுவேன் என்பதையும் சேர்த்து. பாவம், கூப்பிட்டவர்களுக்கு அதுதான் தேவை. சாப்பிடும்போது யாராவது வம்புக்கிழுத்தால் "பிடிச்சிருக்கு, சாப்பிடறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அடுத்தவர் தட்டைப் பார்த்துப் பிரசங்கம் செய்து யாரும் மாறி நான் பார்த்ததில்லை. விமானப் பயணம் என்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவைக்கவேண்டும். விஜிஎம்எல் என்ற குறியீடு பாலும் முட்டையும்கூட இல்லாதது, பாலும் முட்டையும் பரவாயில்லை என்றால் விஎல்எம்எல். அப்படிச் சொல்லியும் ஒருமுறை எனக்குச் சாப்பாடு வராமல் போயிருக்கிறது, அன்றிலிருந்து பையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை இல்லாமல் நான் ஏறுவதில்லை.