பயோஷாக் வெளாடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

2007ல வந்த கேமுங்க பயோஷாக். சேல்ல கம்மி வெலைக்குக் கெடைக்குதுன்னு இப்பவும் பீளமேட்டு ஹாஸ்டல் பசங்க வாங்கிப் போடறாங்க, ரெண்டு மணி நேரம் சுட்டுத் தள்ளிட்டு "பழைய கேமுங்ணா, கன் ஃபீலே இல்ல"ன்னு அன்இன்ஸ்டால் பண்ணிர்றாங்க. கன் ஃபீல் சுமார்தான், அதை நானும் ஒத்துக்கறேன். ஆனா அதுக்காகவா இதை வெளாடறோம்?

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1960, அட்லாண்டிக் கடல்ல ப்ளேன் விழுந்து நீங்க ஒரு லைட்ஹவுஸ்ல ஏறறீங்க, அங்கிருந்து கடலுக்கடியில இருக்கற ராப்ச்சர்ங்கற ஊருக்குப் போறீங்க. அதைக் கட்டினவன் ஆண்ட்ரூ ரயன். அரசாங்கம் கெடையாது, சாமி கெடையாது, வரி கெடையாது, அவனவன் தெறமைக்கு அவனவன் பொழைச்சுக்கன்னு சொல்லி கட்டின ஊரு. நீங்க போய்ச் சேரும்போது ஊரு நாசமாகி, இருக்கறவனெல்லாம் பைத்தியமாகிக் கெடக்கறான்.

பசங்க பண்ற மொத தப்பு, ஓடறது. அம்புக்குறி காட்டுதுன்னு அது பின்னாடியே ஓடினா கேமுல பாதி போயிருச்சுன்னு வெச்சுக்கங்க. ஏன்னா இதுல கதையை யாரும் உக்கார வெச்சுச் சொல்றதில்ல, அங்கங்க கெடக்கற ஆடியோ டைரியில, செவுத்து எழுத்துல, பொணம் கெடக்கற கெடையில இருக்குது. சப்டைட்டில் ஆன் பண்ணிக்கங்க, டைரி ஓடி முடியற வரைக்கும் அடுத்த கதவத் தொறக்காதீங்க, இல்லைன்னா ரேடியோவுல உங்களுக்கு வழி சொல்ற ஆளு குறுக்க பேசி ரெண்டுமே புரியாமப் போயிரும்.

அடுத்தது, பயம்னா திடீர்னு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கறதுதான்னு நெனைக்கறது. அதுவும் இருக்குது, மெடிக்கல் பெவிலியன்ல ஒரு ரூம்ல புகை அடைச்சு வெலகும்போது ஹெட்போனக் கழட்டி வீசாதவன் கம்மி. ஆனா நெஜமான பயம் ஸ்டைன்மேன்ங்கற சர்ஜன்தானுங்க. ஆடம்ங்கற சரக்கு வந்த பொறவு ஒடம்ப எப்படி வேணா மாத்தலாம்னு ஆகிப்போச்சு, கேக்கறதுக்கு மெடிக்கல் கவுன்சில் இல்ல, கோர்ட் இல்ல, அவன் மூஞ்சிகள அறுக்க ஆரம்பிச்சுட்டான். ஊருக்குத் தத்துவம்னு ஒண்ணு சொன்னாங்கல்ல, அது கத்தி புடிச்சு நின்னா இப்படித்தான் இருக்கும். பயத்தைத் தனியா அரசியலத் தனியா பிரிச்சுப் பாத்தா ரெண்டும் கெடைக்காது.

ரயனை லூசு வில்லன்னு நெனைக்கறது இன்னொரு தப்பு. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இவன் பேச்சு சட்டுனு புடிக்கும், புடிக்கவும் செய்யணும். நான் வேர்வை சிந்தி சம்பாதிச்சது எனக்குத்தான சொந்தம்னு கேக்கறான். தறி ரெண்டு போட்டு ஆரம்பிச்சு கம்பெனி வெச்சவங்க எந்த வீட்டு விசேஷத்துல உக்காந்தாலும் இதையேதான பேசறாங்க, "நானு யாருகிட்டயும் கையேந்தல கண்ணு, கவர்மென்ட்டு என்ன குடுத்துச்சு எனக்கு"ன்னு. ரஷ்யாவுல பொறந்து அமெரிக்காவுக்குப் போன அயன் ராண்ட்ங்கற எழுத்தாளர் சொன்ன தத்துவத்துலதான் ரயனோட வேரு இருக்குது, அவனும் ரஷ்யாவுல புரட்சி பாத்துட்டுத் தப்பிச்சு வந்தவன்தான். அவன் கோவத்துல நியாயம் இருக்குது. அது புரிஞ்சாத்தான் ஊரு எங்க ஒடைஞ்சதுன்னு தேடத் தோணும்.

ரயனுக்குப் போட்டியா தொழில் பண்ற ஃபான்டெய்ன்ங்கறவன் டைரி ஒண்ணு வருமுங்க, அத மட்டும் விட்டுறாதீங்க. இங்க வர்றவன் எல்லாரும் பெரிய மொதலாளி ஆயிருவோம்னு வர்றான், கக்கூஸ் கழுவறதுக்கும் ஆளு வேணும்ங்கறத மறந்துர்றான்னு சிரிக்கறான். அந்த மாதிரி வந்து ஏமாந்தவங்களுக்குச் சோறு போட்டு ஏழை விடுதி நடத்தறதும் அவனேதான். எதுக்குன்னு யோசிங்க.

இதப் பாத்துட்டு ஒடனே "அப்ப இது கம்யூனிச கேமு"ன்னு முடிவு கட்டறவங்களும் இருக்காங்க. அதுவும் தப்பு. ஃபான்டெய்ன் வியாபாரத்துல முந்தறான்னு ஒருத்தன் பொலம்பும்போது, மார்க்கெட்டப் பத்தி என்கிட்ட அழுகாத, நீ அவனவிட நல்ல சரக்கா போடுன்னு திட்டி அனுப்பினவன் ரயன். அதே ரயன்தான் பொறவு ஃபான்டெய்ன் கம்பெனிய மொத்தமா ஊரு பேருல எடுத்துக்கறான், கடத்தல் பண்ணினவங்களத் தூக்குல போடறான், கடைசியில ஜனங்க மனசையே வாசனைய வெச்சு ஆட்டிப் படைக்கறான். அதாவது சுதந்திரச் சந்தை தோத்துச்சுன்னு மட்டும் சொல்லி முடிக்க முடியாது, கொள்கைய சொன்னவனே அது தன் கழுத்துக்கு வரும்போது கைவிட்டான். ஆனா கேக்க ஆளே இல்லாத ஊரு என்ன ஆகும்ங்கற கேள்வியும் அதோட அங்கயே நிக்குது. ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி நின்னதப் பாத்தவங்களுக்கு, நொய்யல் ஓரத்துல வெவசாயம் போனவங்களுக்கு இத வெளக்க வேண்டியதில்ல, 2011ல ஐகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொன்ன பொறவுதான் சுத்திகரிப்பு வேலை சூடு புடிச்சுது. அப்ப மாசக்கணக்குல வேலையில்லாம நின்னவங்க பக்கமும் நியாயம் இருந்துச்சு. இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல மனசுல வெச்சுட்டு வெளாடினா ராப்ச்சர் வேற மாதிரி தெரியும்.

சின்னப் பொண்ணுங்க விசயத்துக்கு வருவோம். லிட்டில் சிஸ்டர்னு பொணத்துல இருந்து ஆடம் சேக்கற கொழந்தைங்க, அவங்ககிட்ட ஆடம் இருக்குது, கொன்னு புழிஞ்சு எடுத்தா 160, காப்பாத்துனா 80. ஒடனே "எடுத்தா டபுள்டா"ன்னு கணக்குப் போடறாங்க. மூணு பேரக் காப்பாத்துனா 200 ஆடம் கிஃப்ட்டா வரும், அப்ப 440, புழிஞ்சா 480. வித்தியாசம் நாப்பதுதான். அந்த நாப்பதுக்கு மூணு கொழந்தைங்களக் கொல்லறது லாபமான்னு யோசிக்க வெக்கறாங்கன்னு நெனைக்கறேன், இருந்தாலும் காப்பாத்தறதுக்கு இவ்வளவு கிஃப்ட்டு குடுத்து அந்தக் கேள்வியவே மழுங்க வெச்சுட்டாங்கன்னு எனக்கொரு கொறை உண்டு. நல்லது பண்ணினா உண்மையிலயே நட்டம்னு இருந்திருந்தா இன்னும் உறைச்சிருக்கும். முடிவும் இதப் பொறுத்து மாறும், அதனால அலட்சியமா அமுக்காதீங்க.

வீட்டா சேம்பரையும் பாத்து வெச்சுக்கங்க. செத்தா அதுலயே எந்திரிச்சு வர்றீங்க, லிட்டில் சிஸ்டருக்குக் காவலா வர்ற பிக் டாடி வாங்கின அடியோட அப்படியே நிப்பான், நாலு தடவ செத்து செத்துப் போய் ரெஞ்ச்ல அடிச்சே கொன்னுரலாம். பயமே போயிரும். ஆப்ஷன்ஸ்ல அத ஆஃப் பண்ணிட்டு ஹார்டுல வெளாடுங்க, அப்பத்தான் தூரத்துல பிக் டாடி நடக்கற சத்தம் கேட்டா குண்டு எத்தன இருக்குதுன்னு எண்ணுவீங்க.

ஸ்பாய்லர் பத்தி ஒரே வார்த்தை. கேமோட பெரிய திருப்பத்த நான் இங்க சொல்லல, ஹாஸ்டல்ல எவனாவது சொல்ல வந்தா வாயப் பொத்துங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க: ரேடியோவுல ஒருத்தன் மொதல்ல இருந்து இதப் பண்ணு அதப் பண்ணுங்கறான், நீங்களும் பண்றீங்க. ஏன் பண்றோம்னு அப்பப்ப கேட்டுக்கங்க.

2010ல வந்த ரெண்டாம் பாகத்துல ரயனுக்கு நேர் எதிர்க் கொள்கை, எல்லாரும் எல்லாருக்காகங்கற ஆள் ஊர புடிச்சு நிக்கறா, மொதல் பாகம் முடிச்சுட்டு அதுக்குப் போங்க. 2013 இன்ஃபினிட் வானத்துல நடக்கற தனிக்கதை, அவசரமில்ல. பிசியில 2016ல மெருகேத்தி விட்ட ரீமாஸ்டர் அப்பப்ப கிராஷ் ஆகும், அதனால கையால சேவ் பண்ணிட்டே இருங்க, ஃபோர்ட் ஃப்ராலிக்ங்கற ஏரியாவுக்குப் போறதுக்கு முன்னாடி கண்டிப்பா.