எடை பின்காலில் இருந்ததே பிழை

42 வயதில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவுக்குச் சென்று, பனிச்சரிவில் பக்கவாட்டாக நின்று சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டில் முதன்முறை ஏறிய நான், திசை திரும்ப முயன்றபோதெல்லாம் விழுந்தேன். பலகை சரிவை நோக்கித் திரும்பும் கணத்தில், அச்சத்தால் உடல் தானாகவே மேட்டுப்பக்கம் சாய்ந்து, எடை முழுவதும் பின்காலுக்குப் போய்விடுகிறது. முன்பகுதி இலேசாகிச் சொன்ன சொல் கேட்பதில்லை. பக்கவாட்டில் சறுக்கும்போது பலகை தட்டையாகிவிட்டாலோ, பள்ளத்துப் பக்க விளிம்பு பனியில் குத்தி ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

ஊர் திரும்பியதும், வீட்டுக் கூடத்தில் உருளை மேல் வைத்த பலகையில் நின்று, முழங்காலை மடக்கி, எடையை முன்காலுக்கு மாற்றிப் பழகினேன். தொடை வலுப்பெற வாரந்தோறும் பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதே கூடுதலாக உதவியது என்பது என் கணிப்பு.

அடுத்த பிப்ரவரியில், காலடியைப் பார்க்காமல் போக வேண்டிய திசையைப் பார்த்து, முன்தோளை அங்கே திருப்பி, பலகையின் முனை சரிவில் நேர்கீழே நோக்கும்வரை எடையை முன்காலிலேயே பொறுமையாக வைத்திருந்து, அதன் பிறகே மறு விளிம்பை அழுத்தினேன். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியக்கூடும் என்பதால், மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் அவசியம் அணியுங்கள். மூன்றாம் நாள், தொடக்கநிலைச் சரிவு முழுவதையும் விழாமல் இறங்கினேன்.