பொறுமை வற்றும்போது 13-ஆம் சங்கீதம்

வீட்டில் நோயோ கடனோ மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால், "யோபுவைப் போலப் பொறுமையா இருங்க" என்பார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த அந்த யோபுவே, வேதாகமத்தில் தன் பெயரிலுள்ள புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபித்தவர். அதை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில், வேதாகமத்தில் தாவீது ராஜாவின் ஜெபப் பாடலான 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். மொத்தமே 6 வசனம்தான். முதல் இரண்டு வசனத்திலேயே தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். அங்கேயே நிறுத்தி, உங்கள் "எதுவரைக்கும்" எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: அப்பாவின் டயாலிசிஸ், வராத சம்பளம், பேசாத மகன். பொத்தாம்பொதுவாக வேண்டாம். வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு வையுங்கள்.

"அவரைப் பாடுவேன்" என்ற 6-ஆம் வசனத்துக்கு அவசரமாக ஓடவேண்டாம். சில நாள் 4-ஆம் வசனத்தோடு மூடிவைத்தாலும் அது ஜெபம்தான். மறுநாள் அங்கிருந்து தொடரலாம்.

கஷ்டம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால், வசனத்தைப் பிறகு சொல்லலாம். யோபுவின் நண்பர்கள்கூட முதல் 7 நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.